பதினெட்டு சைபர்

2023 ஜூன் 14, புதன்கிழமை, காலை பத்து இருபது. வானம் மூடியிருந்தது, மழை இல்லை. மேல்காற்று திருச்செங்கோட்டு ரோட்டு மண்ணை வாரி அந்தக் கல்யாண மண்டபத்துக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகள். எழுபத்தொன்றில்தான் ஆள் இருந்தது. மேடையில் மூன்று ஃபிளெக்ஸ் பேனர்கள். அவற்றின் நாற்றமும் பின்கட்டில் கொதித்த சாம்பாரின் நாற்றமும் கலந்து குமட்டியது.

போர்வெல் ரிக் வண்டிகளிலும் லாரிகளிலும் ஓடி விபத்தைப் பார்த்தவர்களுக்கு மனநலப் பரிசோதனை முகாம் என்றார்கள். என் மகனை நான்தான் அழைத்துப் போனேன். அவனுக்கு முப்பத்தெட்டு வயது. பதினாறு வருடம் போர்வெல் வண்டியில் டிரில்லர். நான்கு மாதம் முன்பு, மத்தியப் பிரதேசத்தில் ஒரு காட்டில், வண்டியின் டவரைத் தூக்கும்போது மேலே போன மின்கம்பியில் பட்டுவிட்டது. டவரைத் தூக்கும் லீவரைப் பிடித்திருந்தவன் என் மகன். கீழே குழாயைப் பிடித்திருந்தவன் செத்தான். ஆறு வருடம் ஒரே சட்டியில் சோறு தின்ற கூட்டாளி.

ஊருக்கு வந்ததிலிருந்து மகன் மின்கம்பிக்கு அடியில் நடப்பதில்லை. பால் கடை வீட்டிலிருந்து இருநூற்றுப் பத்து தப்படி. அவன் மூன்று தெரு சுற்றி அறுநூற்று நாற்பது தப்படி நடந்து போய் வாங்கிவருவான். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டால் கையில் இருப்பது கீழே விழும். வண்டி முதலாளியோ அந்த வெள்ளிக்கிழமை அடுத்த நடை கிளம்ப இருந்தார். பரிசோதனையில் 'பாதிப்பு இல்லை' என்று சீட்டு வந்தால் இவனை ஏற்றிக்கொள்வார். இவனும் ஏறிவிடுவான், மறுத்துப் பேசத் தெரியாதவன். பாதிப்பு உண்டு என்று வந்தால் சேலத்தில் மருத்துவரிடம் இலவசமாக அனுப்புவார்கள். நான் வேண்டிக்கொண்டு போனது இந்த இரண்டாவதற்கு.

இருபது கேள்விகள். கோணலாக எடுத்த ஜெராக்ஸ். தலைப்பில் ஒரே வாக்கியம்: 'கடந்த ஒரு மாதத்தில் கீழ்க்கண்டவை உங்களை எவ்வளவு தொந்தரவு செய்தன?' இல்லவே இல்லை என்றால் சைபர், மிக அதிகம் என்றால் நான்கு. மொத்தம் எண்பது. அவரவரே நிரப்ப வேண்டும், பக்கத்தில் யாரும் உதவக் கூடாது என்று மைக்கில் சொல்லி என்னை நான்கு வரிசை பின்னால் தள்ளி உட்காரவைத்தார்கள். மகன் பதினோரு நிமிடத்தில் முடித்துவிட்டான். கூட்டிப் பார்த்த பெண் மைக்கிலேயே அறிவித்தாள்: டோக்கன் நாற்பத்து மூன்று, மொத்தம் ஏழு, பாதிப்பு இல்லை. ஒரு மனிதனின் மனதை, ரேஷன் கடையில் சர்க்கரை எடை சொல்வதுபோல.

தாளை வாங்கிப் பார்த்தேன். தூக்கத்துக்கு மூன்று, சத்தம் கேட்டுத் திடுக்கிடுவதற்கு நான்கு. மற்ற பதினெட்டும் சைபர். முதல் கேள்வியில் விரலை வைத்தேன்: 'அந்தச் சம்பவம் பற்றிய நினைவுகள் திரும்பத் திரும்ப வருதல்.'

"ஏஞ்சாமி, உனக்கு அவன் நெனப்பே வர்றதில்லையா?"

"நெனப்பு என்னங்கப்பா, அவனே வருவானுங்க. மோட்டாரு ஓடுனா வந்து பக்கத்துல உக்காந்துக்குவான். தொந்தரவெல்லாம் ஒண்ணும் பண்றதில்லீங்க. நல்ல மனுசன்."

அச்சடித்த வார்த்தையை அவன் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்தில் தொந்தரவு என்பது ஆளுக்கு ஆள் செய்வது. செத்த கூட்டாளி தனக்குத் தொந்தரவு செய்தான் என்று எழுதிக்கொடுக்க இவனுக்கு மனம் வரவில்லை. மூன்று தெரு சுற்றி நடப்பதும் தொந்தரவில்லை. அது வெறும் நடை.

தாளை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போனேன். வார்த்தையை மாற்றி ஒருமுறை கேளுங்கள் என்றேன். அவள் மரியாதையாகத்தான் பேசினாள்: கேள்வியை மாற்றினால் மதிப்பெண் செல்லாது, எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் கேட்க வேண்டும். அவள் படித்தது அப்படி. அவளுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் நின்ற ஏற்பாட்டாளர்தான் சிரித்தார்.

"பெரியவரே, உங்க பையனுக்கு ஒண்ணுமில்லைங்கறோம். சந்தோசப்படாம சண்டைக்கு வர்றீங்களே?"

நாலு பேர் சிரித்தார்கள். என் மகனும் சேர்ந்து சிரித்தான், எனக்கு வெட்கமாக இருக்கக் கூடாதே என்று. பிறகு ஆளுக்கொரு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து, பேனருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

அவர்களை மட்டும் அருவருக்க எனக்கு யோக்கியதை இல்லை. தாலுகா அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்தவன் நான். மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போயிருக்கிறேன். ஊனமுற்றவர் உண்டா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று நான் போட்ட வீடுகள் எத்தனையோ. உள்ளே ஓர் ஆள் தடவித் தடவி நடப்பதைப் பார்த்துக்கொண்டேதான் போட்டேன். வீட்டுக்காரர் இல்லை என்றார், நான் அவர் சொன்னதை எழுதினேன். எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அவற்றை மட்டும் எண்ணி வைக்கவில்லை.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் சீட்டின் படம் வண்டி முதலாளியின் போனுக்குப் போய்விட்டது. யார் அனுப்பினார்கள் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மாலை நாலே முக்காலுக்குப் பேசினார். "பையனுக்கு ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சாமுங்க. வெள்ளிக்கெழம வெடியால அனுப்பி உட்டுருங்க." மகன் ஏற்கெனவே இரண்டு லுங்கியை மடித்துப் பையில் வைத்திருந்தான். அவன் வரமாட்டான் என்று நான் சொன்னேன். சீட்டிலேயே எழுதியிருக்கிறதே என்றார். சீட்டை நான் பார்த்தேன், நீங்கள் என் மகனைப் பார்க்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை சேலத்தில் ஒரு மருத்துவரிடம் பணம் கட்டியே காட்டினேன். அவரிடமும் அதே இருபது கேள்விகள் கொண்ட தாள் இருந்தது. நான் நடந்ததைச் சொன்னதும் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு மகனிடம் கேட்டார்: "அவரு வர்றப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நகுந்து எடம் உடுவேனுங்க."

"ஏதாச்சும் பேசுவாரா?"

மகன் சுவரைப் பார்த்தான். பிறகு, "லீவர உடுடா, உடுடாங்கறானுங்க" என்றான். அதைச் சொன்னபின் நாற்பது நிமிடம் பேசினான். நான்கு மாதத்தில் வீட்டில் பேசியதைவிட அதிகம். மருத்துவர் என்னை வெளியே உட்காரச் சொன்னார். மூடிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவன் அழுவது கேட்டது.

ஆறு மாதத்துக்கு வண்டி ஏறக் கூடாது என்று எழுதிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை வண்டி வேறு டிரில்லரோடு போயிற்று. பஸ் போக வர இருவருக்கும் நூற்று எண்பது, மருத்துவருக்கு எண்ணூறு, பதினைந்து நாள் மாத்திரை ஆயிரத்து இருநூற்று அறுபது, அவன் வாய்விட்டுக் கேட்டு வாங்கித் தின்ற தட்டுவடை செட் இரண்டு தட்டு எண்பது. மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்று இருபது ரூபாய்.