வலப்பக்கத்து யானை

இது நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய் வேறு வேலை பார்க்கலாம். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. கதை கட்டி எனக்கு ஆக வேண்டியது எதுவும் கிடையாது. நடந்தது என் கூடப்பிறந்த அக்காவுக்கு. அன்றைக்கு நான் அங்கே இல்லை. ஆனால் கடைசியில் ஒன்றை என் இரண்டு காதாலும் கேட்டேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

அக்கா தையல்காரி. வீட்டின் முன்னறையில் ஒரு மெஷின், ஒரு நிலைக்கண்ணாடி, மூலையில் வெட்டுத்துணி மூட்டை. கல்யாணமாகி ஒன்பது வருடம் கோயில் குளமெல்லாம் அலைந்து பெற்ற ஒரே பெண். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் வாலு. வாய் ஓயாது. தூக்கத்தில்கூட யாருடனாவது சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். ஏழு வயதில் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக் கிடந்தாள். டாக்டர் கையை விரித்த அன்று அக்கா வேண்டிக்கொண்டாள்: பிள்ளை பிழைத்தால், ஆற்றுக்கே தீபாராதனை காட்டுகிற புண்ணிய ஊருக்கு வந்து, மாலை தீபாராதனைக்கு முன்னால் ஆற்றில் மூன்று முழுக்குப் போடுகிறேன்.

வாலு பிழைத்துவிட்டாள். வேண்டுதலைத் தள்ளிப்போடக் கூடாது என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினார்: "குழந்தை மேல பச்சத்தண்ணி படக் கூடாது. திரும்ப சளி பிடிச்சா என்கிட்ட வராதீங்க."

பயணத்துக்கென்று மஞ்சள் கவுன் ஒன்று தைத்தாள். மீந்த சாம்பல் துணியில் யானை வெட்டி, அதையே பையாக வைத்தாள். வாலு வலது கைக்காரி. அதனால் பையும் வலப்பக்கம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் படித்துறை நிறைய ஜனம். மேல் படியில் அர்ச்சகர்கள் அடுக்கு விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் தொலைந்துபோனவர்களைக் கூப்பிட்டபடியே இருந்தார்கள். நீலச் சட்டை போட்ட பெரியவர்... சிவப்புச் சேலை கட்டிய அம்மா... என்று ஒவ்வொருவராக.

"இந்தக் கூட்டத்துல இறங்கினா மிதிச்சே கொன்னுடுவாங்க. ஓரமா போலாம்" என்றார் அத்தான். அவருக்கு எப்போதும் ஒரு குறுக்குவழி தெரியும். பாழாய்ப்போன குறுக்குவழி.

கடைக்கோடிப் படியில் ஈ காக்கா இல்லை. பாசி படிந்த கல், பிடித்துக்கொள்ள ஒரு இரும்புச் சங்கிலி. அங்கே ஒரு பெண் மட்டும் தட்டில் இலை விளக்குகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு விளக்குகூட எரியவில்லை.

"எத்தனை வயசு?" என்று வாலுவைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏழு" என்றாள் அக்கா.

"என் பொண்ணுக்கும் ஏழுதான்."

அக்கா புடவையைச் செருகிக்கொண்டு இறங்கப் போனாள். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"தண்ணிக்குள்ள யாராவது கையப் பிடிச்சா உதறிடும்மா. சின்னக் கையா இருந்தாலும் உதறிடு. அது கூட்டிட்டுப் போகத்தான் வரும்."

அக்கா எடுத்த காலைப் பின்னுக்கு வைத்தாள். ஆனாலும் வேண்டுதல். "வாலுவைக் கெட்டியா பிடிச்சுக்குங்க. ஒரு சொட்டு அவ மேல படக் கூடாது" என்று அத்தானிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். அத்தான் ஒரு கையில் பிள்ளையைப் பிடித்தார். மறு கையில் செல்போன். எதையும் போன் வழியாகப் பார்த்தால்தான் அவருக்குப் பார்த்த மாதிரி இருக்கும்.

முதல் முழுக்கு. தண்ணீர் ஐஸ் மாதிரி குத்தியது.

இரண்டாவது முழுக்கு. மேலே மணி அடிக்க ஆரம்பித்தது... டங்... டங்...

மூன்றாவது முழுக்கில் தலை உள்ளே போனதும், ஒரு கை அவள் வலது கையைப் பிடித்தது.

சின்னக் கை.

ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தது. இறுக்கியது. இழுத்தது.

அக்கா உதறினாள். அது விடவில்லை. மணிக்கட்டை ஏறிப் பிடித்தது. நகம் கீறியது. இன்னொரு முறை பலம் கொண்ட மட்டும் உதறினாள்... கண்ணாடி வளையல் நொறுங்கியது... கை நழுவிப் போயிற்று.

சங்கிலியைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி ஏறினாள். முதலில் தேடியது பிள்ளையைத்தான்.

வாலு படியில் நின்றிருந்தாள். அத்தான் பக்கத்தில். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"என்னடி இப்படி நடுங்கற? வீடியோ சூப்பரா வந்திருக்கு" என்றார் அத்தான். இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தார். விளக்கு விற்றவளைக் காணோம்.

அக்கா பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பயந்து அழுகிறாள் என்று அத்தான் சிரித்தார். தீபாராதனை நடந்தது. அத்தனை விளக்கும் ஒரே நேரத்தில் சுழன்றன. ஊரே கைகூப்பி நின்றது. வாலு மட்டும் விளக்கைப் பார்க்கவில்லை. தண்ணீரில் ஆடிய விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

"தூக்கம் வந்துடுச்சு போல" என்றார் அத்தான்.

லாட்ஜ் அறை இரண்டாம் மாடி. ஒரு கட்டில், ஒரு ஃபேன், ஆற்றைப் பார்த்த ஜன்னல். அக்கா ரொட்டியைப் பாலில் தோய்த்துக் கொடுத்தாள். வாலு கையை நீட்டி வாங்கினாள்.

இடது கை.

"சோத்துக்கையால வாங்குடி" என்றாள் அக்கா. பிள்ளை கேட்கவில்லை. இடது கையிலேயே தின்றது. மென்ற சத்தமே இல்லை.

வகிடும் மாறியிருந்தது. காலையில் அக்கா எடுத்த வகிடு இடப்பக்கம். இப்போது வலப்பக்கம். கூட்டத்தில் கலைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நாம் எல்லோரும் அப்படித்தானே நினைப்போம்?

அப்போது ஜன்னல் வழியே ஒலிபெருக்கி கேட்டது.

"கவனிக்கவும். சுமார் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று ஆற்றிலிருந்து மீட்கப்பட்டுள்ளது. உறவினர்கள் உடனே படித்துறை உதவி மையத்துக்கு வரவும்."

"ஐயோ பாவம்" என்றாள் அக்கா. "யாரு பெத்த பிள்ளையோ. அந்தத் தாய் எங்க கிடந்து தேடுறாளோ."

"கூட்டத்துல பிள்ளைய விட்டுட்டு என்ன பண்ணுவாளுங்களோ" என்றார் அத்தான்.

வாலு மெல்வதை நிறுத்தினாள்.

"கவனிக்கவும். குழந்தை மஞ்சள் நிறக் கவுன் அணிந்துள்ளது..."

அக்கா பிள்ளையைப் பார்த்தாள். மஞ்சள் கவுன். இங்கேதான் இருக்கிறது. கண்ணெதிரே.

"...கவுனின் வலப்பக்கத்தில், யானை வடிவில் பை உள்ளது."

வலப்பக்கத்தில்.

அக்கா தையல்காரி. தான் வைத்த பை அவளுக்குத் தெரியாதா?

கட்டிலில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் கவுனில் யானை இடப்பக்கம் இருந்தது.

நிலைக்கண்ணாடியில் தெரிகிற மாதிரி... தண்ணீரில் தெரிகிற மாதிரி... எல்லாம் இடம் வலம் மாறி.

பிள்ளை அப்போதுதான் நிமிர்ந்தது.

சிரித்தது.

ஃபேன் நின்றது. விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தபோது கட்டில் காலி. மெத்தை சொட்டச் சொட்ட ஈரம். ரொட்டி மட்டும் அப்படியே முழுசாக இருந்தது.

உதவி மையத்தில் ஒரு பெஞ்சு. அதன் மேல் துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது. அங்கிருந்த டாக்டர் விரலைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு. அக்காவின் வளையல். மணி அடித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவர்கள் தீபாராதனை பார்த்தார்கள், படி ஏறினார்கள், ரொட்டி வாங்கினார்கள்.

போன் பார்த்துக்கொண்டு பிள்ளையின் கையை விட்டதை அத்தான் ஒப்புக்கொண்டார். அம்மாவைத் தேடி இறங்கியிருக்கிறாள். அம்மாவின் கையைத்தான் பிடித்திருக்கிறாள். பெற்றவளே உதறிவிட்டாள். 

பிள்ளையைக் கண்டெடுத்தவர் ஒரு படகுக்காரர். அவரிடம் அக்கா, உதறச் சொன்னவளைப் பற்றிக் கேட்டாள். மனிதர் முகம் வெளுத்துவிட்டது.

"உதறச் சொன்னாளா? இங்க வழக்கமே வேறம்மா. தண்ணில கை பட்டா, யார் கையா இருந்தாலும் விடக் கூடாது. பிடிச்சுக் கரைக்கு இழுக்கணும். அந்தப் பொம்பள செத்து இருபது வருஷமாச்சு. அவளும் இப்படித்தான், பேய்னு நெனச்சுத் தன் பிள்ளைய உதறிட்டா."

அக்கா வீட்டுக்கு வந்தாள். மெஷினைத் தொடவில்லை. ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். போனில் என்னிடம் சொன்னாள்: "அந்தப் படியில நான் உக்காரப் போறேன்டா. ஒருத்திகூட என்னைத் தாண்டித் தெரியாம இறங்கக் கூடாது. பிடிச்ச கைய விடாதேன்னு சொல்லுவேன். அதுக்காவது நான் உயிரோட இருக்கணும்."

பெற்ற வயிறு. தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சில மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். மாலை நேரம். கோடிப் படியில் இலை விளக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். முதுகைக் காட்டி இருந்ததால் என்னைப் பார்க்கவில்லை. ஒரு பெண் தன் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"எத்தனை வயசு?" என்றாள் அக்கா.

"அஞ்சுங்க."

"என் பொண்ணுக்கு ஏழு."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். நான் இரண்டே படி மேலே நின்றிருந்தேன். தெளிவாகக் கேட்டது.

"தண்ணிக்குள்ள யாராவது கையப் பிடிச்சா உதறிடும்மா. சின்னக் கையா இருந்தாலும் உதறிடு."

கத்திக்கொண்டே ஓடி அந்தப் பெண்ணை மேலே இழுத்து விட்டேன். அக்கா திரும்பினாள். என்னைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"வாடா தம்பி. பாத்தியா? வர்றவங்க ஒருத்தர் விடாம சொல்லிட்டு இருக்கேன். விடாதே, கெட்டியா பிடிச்சுக்கோன்னு."

பொய் சொல்லவில்லை. அவள் முகம் எனக்குத் தெரியும். அவள் காதில் அப்படித்தான் விழுகிறது.

படகுக்காரரைத் தேடிப் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைச் சுற்றிக்கொண்டே பேசினார்.

"அந்தப் பொம்பளையும் நல்லது சொல்லத்தான் வந்து உக்காந்தா தம்பி. உங்க அக்கா சொல்றத நாங்க யாரும் கிட்ட நின்னு கேக்கல. ஆனா இப்ப அஞ்சு மாசமா அந்தப் படியில நாலு குழந்தை போயிடுச்சு."

அக்கா அங்கே போய் உட்கார்ந்தும் ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.