சொல்ல ஏலாத பதில்

மாலை ஆறு ஐம்பதுக்கு லண்டன் லூயிஷாம் கோவில் மண்டபத்தில் நான் முதலில் பார்த்தது, முதுகுக்குப் பின்னால் கோர்த்திருந்த இரண்டு கைகளை. யாராவது கடிதத்தை நீட்டினால் அவருடைய கைகள் அப்படிப் பின்னால் போய்விடும். மடிப்புக் கலையாத சட்டை, மழித்த முகம். யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாக இருந்தவர், இங்கே சொலிசிட்டராவதற்குச் சோதனை எழுதுபவர் என்று கோவிலில் எல்லோருக்கும் தெரியும்.

அன்று வெள்ளிக்கிழமை. கடிதத்தை நீட்டியவர் ஒரு தாய். அவருடைய மகனின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது.

“தம்பி, அப்பீல் போட திங்கக்கிழமை சொலிசிட்டரிட்டப் போனாக் காணுமோ?”

சட்டத்தரணியின் கண்கள் கடிதத்தின் திகதியில் ஒரு கணம் நின்றன.

“எனக்குச் சொல்ல ஏலாது, அக்கா. சொலிசிட்டரைக் கேளுங்கோ.”

“அப்புக்காத்தருக்கு வாய் திறக்கவும் பீஸ் வேணுமாம்,” என்று அந்தச் சட்டத்தரணியைக் காட்டிச் சொன்னார் பக்கத்தில் நின்ற ஒருவர். சிலர் சிரித்தார்கள்.

அந்தத் தாய் போனபின் நான் கேட்டேன்: “திகதியைப் பார்த்தீங்கள்தானே?”

“ஓம், பாத்தனான். பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை சொன்னால் இந்த நாட்டில குற்றம், அண்ணை. பலசரக்குக் கடையில நிண்டு படிச்சு, சோதினை எல்லாம் பாஸ் பண்ணிட்டன். பதிவு தர முதல் இப்ப என்ர நன்னடத்தையை விசாரிக்கினம். ஒரு முறைப்பாடு போனால் எல்லாம் முடிஞ்சுது.”

அவர் சட்டத்தை மதித்தாரா, பயந்தாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

தாய் திங்கட்கிழமை போனார். அப்பீலுக்குக் கடைசி நாள் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது என்று அங்கே சொன்னார்கள்.

அந்த ஆண்டே அந்தச் சட்டத்தரணி சொலிசிட்டராகப் பதிவானார்.