தண்ணி மருந்து கலக்கின கை

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் யாரும் குறை சொல்லக்கூடாது. என்னைப் பெத்த அம்மாவே, "உன் நாக்குக்கு ஒரு கடிவாளம் போட முடியலியே"ன்னு கடைசி வரைக்கும் பொலம்பிக்கினுதான் இருந்துச்சு.

ஐம்பதுகளோட கடைசியில மெட்ராசுல கம்பவுண்டர் படிப்பு முடிச்சிட்டு ஊருக்கு வந்தேன். எங்க ஊர் மாகறலுக்குப் பக்கம். நாங்க இருந்தது சேரியில. நைனா நான் பள்ளிக்கூடம் போகும்போதே செத்துட்டாரு. அம்மா ஊர்த்தெருக்காரங்க நிலத்துல நடவு, களையெடுப்பு, அறுப்புன்னு கூலிக்குப் போச்சு. மாதா கோயில் சாமியார் பாதி, அம்மா பாதின்னு என்னைப் படிக்க வெச்சாங்க. கையில சர்ட்டிபிகேட் இருக்கு. இனி எங்க வேலைக்குப் போறதுங்கறதுதான் பாக்கி.

எங்க ஊர் ரோட்டுல நின்னா ரெண்டு பக்கமும் பஸ் வரும். இந்தப் பக்கம் ஏறினா உத்திரமேரூர், அந்தப் பக்கம் ஏறினா காஞ்சிபுரம். ரெண்டு ஊர்லயும் ஒவ்வொரு மருந்துக்கடையில ஆள் வேணும்னு சொன்னாங்க. ரெண்டு இடத்துக்கும் போய்ப் பார்த்தேன்.

காஞ்சிபுரத்துக் கடை பெருசு. கண்ணாடி அலமாரி, ஃபேன், நாலு பேர் உக்கார பெஞ்சு. முதலாளி சர்ட்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "எந்த ஊரு?"ன்னாரு. சொன்னேன். "ஊர்ல எந்தத் தெரு?"ன்னாரு. தெருவைக் கேட்டா எதைக் கேக்கறாங்கன்னு நமக்குத் தெரியாதா? "சேரி. அதுக்கு இன்னா இப்போ?"ன்னேன். அவர் கோவிச்சுக்கல. கடைக்குள்ள ஒரு பச்சைத் திரையைத் தூக்கிக் காட்டினாரு. அந்தப் பக்கம் மருந்து கலக்கற இடம். "இங்க இருந்துகினு நீ எல்லாத்தையும் கலக்கு. திரையைத் தாண்டி முன்னால மட்டும் வராதே. எந்த ஊருன்னு யார்கிட்டயும் வாயைத் திறக்காதே"ன்னாரு.

உத்திரமேரூர்க் கடை சின்னது, பஜார்ல. கடைக்காரர் வெவசாயக் குடும்பத்து ஆளு, நல்ல மனுஷன். என் ஊரு, தெரு ரெண்டும் அவருக்கு முன்னாடியே தெரியும். அந்தச் சுத்து வட்டாரத்துல யாருக்குத் தெரியாது? "தம்பி, நீ தாராளமா முன்னால நில்லு. மாத்திரை, பொட்டலம், மேல பூசற களிம்பு எல்லாம் நீயே எடுத்துக் குடு. தண்ணி மருந்து மட்டும் நான் கலக்கிக்கறேன்"ன்னாரு.

இதைக் கொஞ்சம் விளக்கணும். அந்தக் காலத்துல மருந்துக்கடைன்னா பாதி வேலை தண்ணி மருந்துதான். டாக்டர் சீட்டு எழுதுவாரு, நோயாளி வீட்டுலேருந்து ஒரு பாட்டிலைக் கழுவிக் கொண்டாருவாரு, கம்பவுண்டர் உப்பையும் சாறையும் அளந்து தண்ணியில கலக்கி ஊத்திக் குடுப்பாரு. அந்தத் தண்ணி! எங்க கையால ஊர்த்தெருக்காரங்க ஒரு சொட்டுத் தண்ணி வாங்க மாட்டாங்க. மாத்திரைன்னா காய்ஞ்ச பண்டம், போனாப் போகுதுன்னு வாங்கிப்பாங்க. மருந்தா இருந்தாலும் தண்ணி தண்ணிதானாம்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. ஊருதான்..."ன்னு இழுத்தாரு கடைக்காரர்.

"ஊரு ஊருன்னு சொல்றீங்களே, அந்த ஊரு எங்க உக்காந்துகினு கீதுன்னு சொல்லுங்க ஐயா, நான் போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்"ன்னேன். அவர் சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல.

ஒரு இடத்துல மூஞ்சியைக் காட்டலாம், முழு வேலை கிடையாது. இன்னொரு இடத்துல முழு வேலை, மூஞ்சி கிடையாது. எதைப் புடிக்கறது? அம்மா காஞ்சிபுரத்தையே சொல்லுச்சு. "உத்திரமேரூர்ல நீ எதுனா பேசி வெச்சா, மறுநாள் நான் கழனியில நின்னு பதில் சொல்லணும். அங்க போயிடு, கண்ணு"ன்னுச்சு. நானும் சரின்னேன். அம்மாவுக்குப் பயந்து மட்டும் இல்ல. எனக்குக் கலக்கறதுல அவ்ளோ ஆசை. படிச்ச இடத்துல என் கை சுத்தம்னு பேர் வாங்கியிருக்கேன். அந்தக் கையைக் கட்டிக்கினு இன்னொருத்தர் கலக்கறதை வேடிக்கை பார்க்கச் சொன்னா நான் செத்தே போயிடுவேன்னு நினைச்சேன்.

மூணு மாசம் அந்தத் திரைக்குப் பின்னால இருந்தேன். சீட்டும் காலி பாட்டிலும் திரைக்குக் கீழே வரும். கலக்கி, வடிகட்டி, கார்க் போட்டு, அளவுக் காகிதம் ஒட்டி வெளியே தள்ளுவேன். அளவுக் காகிதம்னா வேற ஒண்ணும் இல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவங்கதான் ஜாஸ்தி, அதனால ஒரு நீளக் காகிதத்தோட ஓரத்துல வேளைக்கு ஒரு பல்லா வெட்டி பாட்டில் பக்கவாட்டுல ஒட்டிடுவோம். ஒரு வேளைக்கு ஒரு பல் எறங்கணும், அவ்ளோதான் கணக்கு. வர்றவங்க மூஞ்சி ஒண்ணும் எனக்குத் தெரியாது. இருமலை வெச்சே ஆளைச் சொல்லிடுவேன்.

ஒரு நாள் காலையில திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டுச்சு. எங்க ஊர் நிலக்காரர். எங்க அம்மா நடவு நடற நிலம் அவரோடது. நாலு வயசுப் பொண்ணுக்குக் கக்குவான் இருமல், மூச்சு முட்டுது, சீக்கிரம் குடுங்கன்னு முதலாளிகிட்ட பதறிக்கினு இருந்தாரு. சீட்டு உள்ளே வந்துச்சு. கலக்கினேன். அதுல போடற ஒரு சரக்கு பொல்லாதது. அளவுல குடுத்தா இருமல் அடங்கும், மீறினா புள்ளை தூங்கினது தூங்கினதுதான். ஒண்ணுக்கு மூணு தபா அளந்தேன். சின்னச் சின்னதா பன்னண்டு பல் வெட்டி ஒட்டினேன். நாலு நாளைக்கு வரணும்.

முதலாளிக்கு வழக்கம் என்னன்னா, எந்தப் பாட்டிலா இருந்தாலும் ஒரே பாட்டுதான் பாடுவாரு. அன்னிக்கும் காகிதத்தைப் பார்க்கவே இல்ல. "ரெண்டு நாள் மருந்து, ஆறு வேளையா குடுத்து முடிச்சிடுங்க"ன்னு சொல்லிக்கினே நீட்டிட்டாரு.

நான் யோசிக்கவே இல்ல. யோசிச்சிருந்தா உள்ளேயே இருந்திருப்பேனோ என்னமோ, கடவுள் புண்ணியத்துல யோசிக்கல. திரையைத் தள்ளிக்கினு வெளியே வந்துட்டேன்.

"சார், ஆறு இல்ல, பன்னண்டு வேளை. நாலு நாளைக்குக் குடுக்கணும். ஒரு தபாவுக்கு ஒரு பல்லுக்கு மேல எறங்கக்கூடாது. எறங்கினா புள்ளைக்கு ஆபத்து."

அவரை நாங்க 'ஆண்டே'ன்னுதான் கூப்பிடணும். என் வாயில 'சார்'னு வந்துச்சு. அவர் என்னை ஏற எறங்கப் பார்த்தாரு.

"நடவுக்கு வர்றாளே, அவ மவன் இல்ல நீ?"

"ஆமா."

"இத நீயா கலக்கின?"

"நான்தான் கலக்கினேன்."

அவர் தோள்ல இருந்த துண்டை எடுத்து, பாட்டிலைத் துண்டால புடிச்சுத் தூக்கிக்கினு எறங்கிப் போயிட்டாரு. அந்தத் துண்டு போதும், எனக்கு எல்லாம் புரிஞ்சுடுச்சு.

முதலாளி, "திரையைத் தாண்டாதேன்னு சொன்னேனா இல்லியா?"ன்னாரு. "நீங்க காகிதத்தைப் பார்த்துப் பேசியிருந்தா நான் ஏன் தாண்டறேன்?"ன்னேன். பேச்சு முத்திப் போச்சு. அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிட்டாரு. "உங்க திரையை நீங்களே கட்டிக்கினு உக்காருங்க"ன்னு சொல்லிட்டு வந்தேன். சொல்லும்போது நல்லாத்தான் இருந்துச்சு. பஸ்ல உக்காந்த பிறகுதான் அம்மா ஞாபகம் வந்துச்சு.

அம்மா தலையில அடிச்சுக்கினுச்சு. "போயும் போயும் அவங்ககிட்டயா? நாளைக்கு நடவுக்குக் கூப்பிடுவாங்களா?" மறுநாள் அம்மா நடவுக்குப் போச்சு. யாரும் ஒண்ணும் கேக்கல, சொல்லல. சாயங்காலம் வந்து அதையேதான் சொல்லுச்சு. எனக்கு வேற பேஜாரு. அந்த மருந்தை நிச்சயமா கால்வாயில கொட்டியிருப்பாங்க. அந்தப் பொண்ணு என்ன ஆச்சோ? ஊர்த்தெருவுக்குள்ள போய், "புள்ளை எப்படி கீது?"ன்னு கேக்கற உரிமை எனக்கு இல்ல. எங்கிருந்தாவது அழுகைச் சத்தம் வருதான்னு நாலு நாள் காதைத் தீட்டிக்கினு இருந்தேன். ஒண்ணும் வரல. அதுவே ஒரு ஆறுதல்.

அஞ்சாம் நாள் உத்திரமேரூர் பஸ்ல ஏறினேன். வேற வழி? கடைக்காரர், "வா தம்பி"ன்னு ஒரே வார்த்தை. மாத்திரை, பொட்டலம், களிம்பு என் பக்கம். தண்ணி மருந்து அவர் பக்கம். அவர் கலக்கறதைப் பார்த்தா எனக்குக் கை அரிக்கும். அளவு கிளாசைக் கண்ணுக்கு நேரா புடிக்க மாட்டாரு, பாதி மேசையில சிந்துவாரு. நான் அந்தப் பக்கம் திரும்பி அலமாரியைத் தொடைச்சுக்கினு இருப்பேன். சாலவாக்கத்துலேருந்து வாராவாரம் வர்ற ஒரு பெரியவர் உண்டு. பாட்டிலை என் முன்னால வெச்சிட்டு, "அவரு வரட்டும்"ம்பாரு. ஒவ்வொரு தபாவும். நான் பல்லைக் கடிச்சுக்குவேன்.

ரெண்டு மாசம் போயிருக்கும். ஒரு சந்தை நாள், பெஞ்சு நிறைய ஜனம். நிலக்காரரோட சம்சாரம் படியேறி வந்தாங்க. தனியா. பையில கையை விட்டு அந்தக் காஞ்சிபுரத்துப் பாட்டிலை எடுத்து மேசைமேல டொக்குன்னு வெச்சாங்க. காலிப் பாட்டில், என் காகிதம் அப்படியே ஒட்டிக்கினு கீது.

எனக்கு எங்கேருந்துதான் வந்துச்சோ அந்தக் கோவம். "இன்னாம்மா? கொட்டிட்ட பாட்டிலைத் திருப்பிக் குடுக்க இவ்ளோ தூரம் வந்தீங்களா? காஞ்சிபுரத்துல வேலை போனது போதாதா? இங்கயும் எடுக்கணுமா?"ன்னு கத்திட்டேன். பெஞ்சு முழுக்க என்னையே பார்க்குது. கடைக்காரர், "டேய், டேய்"ங்கறாரு. தம்பின்னு கூப்பிடற மனுஷன் டேய்ங்கறாரு.

அந்தம்மா நான் முடிக்கற வரைக்கும் நின்னாங்க. ஒரு இருமல் வந்துச்சு. முந்தானையால வாயைப் பொத்தி இருமி முடிச்சிட்டு நிதானமா சொன்னாங்க.

"யாரு கொட்டினது? அவரு கொட்டுன்னுதான் சொன்னாரு. நான் கொட்டல. புள்ளைக்கு மூச்சே நிக்குது, நீ யாரு கலக்கினதுன்னு பார்த்துகினு இருப்பேனா? பன்னண்டு வேளைன்னு நீ சொன்னதா அவருதான் வந்து திட்டிக்கினே சொன்னாரு. பன்னண்டு வேளையும் அவருக்குத் தெரியாம நானே குடுத்தேன். புள்ளை இப்ப தெருவுல ஓடிக்கினு கீது. அந்த இருமல் எனக்கு ஒட்டிக்கினுச்சு, இன்னும் விடல."

என்னால பேச முடியல. என் வாய்க்கு அப்படி ஒரு நாள் வரும்னு யாராவது சொல்லியிருந்தா எங்க அம்மா மொட்டை போட்டிருக்கும்.

ஆஸ்பத்திரி டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினாங்க. பழக்க தோஷம், கடைக்காரர் கையை நீட்டிட்டாரு. "நீங்க இல்ல. அவன் கலக்கட்டும்"னாங்க, பெஞ்சுல இருக்கற அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி.

கடைக்காரர் ஜனத்தைப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. அப்புறம் மெதுவா நகர்ந்து மேசைக்கு வழி விட்டாரு. "தண்ணி அந்தச் செம்புல கீது"ன்னாரு. அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா, ரெண்டு மாசமா அதைத்தானே பார்த்துக்கினு இருக்கேன்! செம்பைத் தூக்கினேன். என் வாழ்நாள்ல அவ்ளோ நிதானமா நான் எதையும் கலக்கினது இல்ல. கண்ணு மறைக்குது, அளவுக்கோடு தெரியல, தோள்ல தொடைச்சுக்கினு மறுபடி அளந்தேன்.

வெளியூர்க்காரங்க முதல் வேளையைக் கடையிலயே குடிச்சிட்டுப் போறது அங்க வழக்கம். வீடு போய்ச் சேர எவ்ளோ நேரம் ஆகுமோ. வீட்டுக்காரருக்குத் தெரியாம குடிக்கணும்னா அந்தம்மா பாட்டிலைப் பையில போட்டுக்கினு போயிருக்கலாம். ஆனா கிளாசுக்குக் கையை நீட்டினாங்க. துண்டும் இல்ல, முந்தானையும் இல்ல, வெறுங்கை. என் கையிலேருந்து வாங்கி அங்கயே நின்னு குடிச்சாங்க.

"வூட்டுல தெரிஞ்சா இன்னாம்மா பண்ணுவீங்க?"ன்னு கடைக்காரர் மெதுவாக் கேட்டாரு.

"தெரியட்டும்"னு சொல்லிட்டு மூஞ்சியைச் சுளிச்சாங்க. "ஐயே, இன்னா கசப்புடா இது! சர்க்கரை கிர்க்கரை போட மாட்டியா?"

பெஞ்சு சிரிச்சுது. எல்லாரும் இல்ல. ரெண்டு பேர் எழுந்து சீட்டோட வெளியே போயிட்டாங்க, அதையும் சொல்லணும். அந்தம்மாவுக்கு வீட்டுல என்ன கிடைச்சுதுன்னு எனக்குத் தெரியாது. அவங்க சொல்லல, நான் கேக்கவும் இல்ல. எனக்காக வரல அவங்க, இருமலுக்காக வந்தாங்க. இருந்தாலும் அன்னிக்கு ராத்திரி நான் ஜெபத்துல முதல்ல சொன்னது அவங்களைத்தான், இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான்.

அந்தம்மா படி எறங்கினதும் சாலவாக்கத்துப் பெரியவர் எழுந்து வந்தாரு. பாட்டிலை வழக்கம்போல என் முன்னால வெச்சாரு. கடைக்காரர் பக்கம் ஒரு பார்வை, என் பக்கம் ஒரு பார்வை. ரோட்டுல அவர் போக வேண்டிய பஸ் ஹாரன் அடிச்சுக்கினு இருக்கு.

"சரி, சரி, நீயே கலக்கிக் குடுத்துடு"ன்னாரு. "சீக்கிரம் கலக்குப்பா, பஸ் போயிடும்."