வீட்டுக்குப் பின்னால் பந்துக்களம்

என் வீட்டுக்காரர் கோயமுத்தூரில் காலேஜுப் படிப்பை முடித்துப் பண்ணையம் பார்க்க ஊருக்கு வந்தபோது, பெட்டி படுக்கையோடு பந்து மட்டைகளையும் கட்டிக்கொண்டு வந்தார். சூலூருக்குத் தெற்கே எங்கள் தோட்டம். வீடும் அதற்குள்ளேயேதான். வந்த மாசமே, வீட்டுக்குப் பின்னால் பூப்பந்து ஆட ஒரு களம் போட வேண்டும் என்று மாமனாரிடம் கேட்டார். பக்கத்துக்கு ஐந்து பேராக நின்று, கம்பளி நூலில் சுற்றிய மஞ்சள் பந்தைக் கீழே விழாமல் அடிக்கிற ஆட்டம் அது. அந்த நாளில் படித்த பையன்களுக்கெல்லாம் அதன்மேல்தான் கிறுக்கு.

மாமனார் சரி என்றார். மாமியார்தான், "சோளம் காயப்போட்ட களம் பத்தலையாக்கும். இதுல என்னத்தக் காயப்போடறது, இவனையா?" என்று கேட்டார். கேலி பேசினால் அவர் முகத்தில் சிரிப்பே இருக்காது.

எனக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்தில் என் மகள் இருந்தாள்.

முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கின சமயத்தில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். என் வீட்டுக்காரர் அப்போது பரீட்சைக்காகக் கோயமுத்தூரில் இருந்தார். ஆள் போய்ச் சொல்லி அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பச்சைக் குழந்தைக்குப் பாடை கிடையாது, கொட்டு கிடையாது, கல் நடுவதும் கிடையாது. வீட்டு ஆண்பிள்ளை ஒருத்தர் தூக்கிப்போய்ச் சொந்த மண்ணில் வைத்துவிட்டு வந்து குளிப்பார். பெற்றவள் கூடப் போகக் கூடாது. எங்கே என்று கேட்கவும் கூடாது. மாமனார் தம் தோள் துண்டில் அவளைப் பொதிந்துகொண்டு, மறுகையில் மம்பட்டியோடு போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆவாரஞ்செடிப் பக்கம் போனது தெரிந்தது. அதற்குள் மாமியார் என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்த ஆவாரஞ்செடிதான் எனக்கு எல்லாம். கை கால் கழுவுகிற சாக்கில் ஒரு சொம்புத் தண்ணீர் அதற்கு ஊற்றுவேன். ஆடு வாய் வைக்க வந்தால் விரட்டுவேன். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அவரும் நானும்கூட அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

களத்து வேலை தொடங்கியது. வீட்டை ஒட்டின பக்கம் பள்ளம். குளத்து மண்ணை வண்டி வண்டியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, கல்லுருளையை மாடு கட்டி இழுத்து இறுக்கினார்கள். ஆவாரஞ்செடி நின்ற பக்கம் மேடு. அதை வெட்டித்தான் ஆக வேண்டும். இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நானும் நாளைத் தள்ளினேன். ஒருநாள் காலையில் ஆட்கள் மம்பட்டியோடு அந்தப் பக்கம் போனார்கள். அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்ச் செடிக்கு முன்னால் நின்றேன். மாமனார் எதிரில் நான் அப்படி நின்றதே இல்லை.

"ஏனுங்க, இதை மட்டும் உட்ருங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஒரு செடிக்கா அம்மணி? வேற நூறு நட்டுக்கலாம்."

"செடிக்கு இல்லீங்க. பாப்பா இருக்கறா."

அவர் தம் அப்பாவைப் பார்த்தார். மாமனார், உருட்டி இறுக்கிய பக்கம் நடந்துபோய் நடுவில் ஓர் இடத்துக்கு வந்ததும் நின்றார். உடனே காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"அங்க இல்ல கண்ணு. அங்கெல்லாம் ஒரே கல்லு, மம்பட்டி எறங்கல. இங்க கொண்டாந்து வெச்சேன். இங்க மேல மண்ணுதான கொட்டுனாங்க, ஆரும் வெட்டலையே. அதான் நான் வாயத் தொறக்கல."

அவ்வளவு நாளும் நான் தண்ணீர் ஊற்றியது வெறும் செடிக்கு.

எல்லாவற்றையும் பேர்த்துப் போட்டுவிடலாம், களமே வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். "அவளைக் கேளு" என்றார் மாமனார்.

அந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் ஒரு காரியத்துக்கும் என்னை யாரும் கேட்டதில்லை. பேர்ப்பதென்றாலும் மம்பட்டியால்தானே பேர்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

"மறுக்கா மம்பட்டி பட வேண்டாமுங்க மாமா. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

மறுநாள் ஆவாரஞ்செடியை வெட்டினார்கள். நான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. மூங்கில் நட்டு வலை கட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டதும், சுற்றுப்பட்ட தோட்டங்களிலிருந்து பையன்கள் வெயில் தாழ்ந்து பொழுதோடே வரத் தொடங்கினார்கள். வீட்டுப் பக்கத்துப் பாதியில், நடு ஆள் நிற்கிற இடம்தான் அவள் இடம். என் வீட்டுக்காரரும் ஆடுவார், ஆனால் பின்வரிசையை விட்டு வரமாட்டார். "நடுவுல நிக்கப் பயமுங்களா மாப்ளே?" என்று கூட்டாளிகள் சீண்டுவார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவார். வேறு யாராவது அங்கே நின்று குதிப்பார்கள். அந்தக் குதிகால் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நான் அடுப்பூதினேன்.

புழுதி கிளம்பாமல் இருக்க, வாரா வாரம் களத்துக்குச் சாணி கரைத்து மெழுக வேண்டும். அதற்குப் பண்ணையில் ஆள் உண்டு. முதல் வாரமே நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். பண்ணைக்காரிகளோடு சேர்ந்து மருமகள் சாணி மெழுகினால் ஊர் சிரிக்கும் என்றார் மாமியார்.

"சிரிச்சாச் சிரிக்கட்டுங்க அத்தே."

அவர் மாட்டுக் கட்டுத்தறிக்குப் போய், கூடையில் சாணி அள்ளி வந்து களத்தோரம் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

களம் முழுக்க விளக்குமாற்றால் இழுத்துவிட்டு, அந்த ஒரு இடத்தை மட்டும் மண்டிபோட்டுக் கையால் மெழுகுவேன். பெற்றவள் போகக் கூடாத இடம்தான். ஆனால் எல்லோர் கண்ணெதிரிலும் போனேன். ஈரம் காயும்வரை அதன்மேல் ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். வெயில் கடுமையான நாளில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். நானும் எழுந்துவிட வேண்டியதுதான்.