தேவராஜின் படத்தோடு புத்தூருக்கு

காட்பாடியில் திருப்பதி பாசஞ்சரில் ஏறி உட்காருவதற்குள் கைப்பேசி அடித்தது. புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஏகாம்பரம்.

"சார், அந்த சித்தூர்க்காரனும் வரான்னு ஊர்ல பேசிக்கினு இருக்காங்க. வந்தா, நடக்கறதுக்கு நான் பொறுப்பு இல்ல."

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

நான் கபடி வர்ணனையாளன். வேலூர், திருவள்ளூர், சித்தூர் மாவட்டங்களில் எங்கே ஆட்டம் நடந்தாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு தமிழிலும் தெலுங்கிலும் கத்துவது என் வேலை. சென்ற தை மாதம் திருப்பதிக்கு அருகே நடந்த ஓர் ஆட்டத்தில், எதிரணிக்குள் பாடிப் போகும் ரைடராக இந்த எல்லைப் பகுதியே கொண்டாடிய தேவராஜ் என் கண்ணெதிரில் விழுந்தார். எதிரணியில் இடது மூலையில் நின்ற சுதாகர் அவருடைய கணுக்காலைப் பிடித்தான். பிடியை உதறித் தாவிய தேவராஜ், கழுத்து மடங்கித் தரையில் இறங்கினார். மறுநாள் மருத்துவமனையில் உயிர் போய்விட்டது. பிடியில் தவறே இல்லை என்று நடுவர்கள் சொன்னார்கள். ஆனால் யாரோ எடுத்த வீடியோ ஊர் ஊராகச் சுற்றியது. அதைப் பார்த்தவர்களுக்கு நடுவர் பேச்சு எதற்கு?

ஏகாம்பரம் தேவராஜின் தம்பி. அவனும் ரைடர்தான். அண்ணன் நினைவாக ஊரில் ஆட்டம் வைத்து, பேச என்னை அழைத்திருந்தான். திருப்பதியில் பிரேம் போடக் கொடுத்திருந்த தேவராஜின் படத்தை வாங்கி வருவதும் என் பொறுப்பு.

சித்தூர் நிலையத்தில் சுதாகர் ஏறினான். ஆறடி உயரம். முன்பெல்லாம் பெட்டியே நிறைந்துவிடுகிற மாதிரி சிரிப்பான். இப்போது ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்தான். சென்ற வாரம் அவன்தான் போன் செய்து, "அன்னா, நேனு ராவச்சா?" என்று கேட்டான். வரலாமா என்ற அந்தக் கேள்வியை நான் தேவராஜின் மனைவி மல்லிகாவிடம் கொண்டுபோனேன். அவள் "வரட்டும்ண்ணா" என்றாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவனை அழைத்துப் போகிறேன்.

ஏகாம்பரம் போனில் சொன்னதைச் சுதாகரிடம் மறைக்காமல் சொன்னேன். பாகாலா சந்திப்பில் வண்டி வெகுநேரம் நின்றது. எதிர்ப் பக்கத்தில் சித்தூருக்குத் திரும்புகிற வண்டி காத்திருந்தது. சுதாகர் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கிவிடுவான் என்றுதான் நினைத்தேன். எங்கள் வண்டி ஊதி நகர்ந்தபோது கண்ணை மூடிக்கொண்டான், அவ்வளவுதான்.

நண்பகலில் திருப்பதி. மொட்டைத் தலைகளும் லட்டுப் பைகளுமாக நிலைய வாசலில் கால் வைக்க இடமில்லை. படம் நான் நினைத்ததைவிடப் பெரியது, மூன்றடி உயரம். பேருந்தில் கொண்டுபோக முடியாது. புத்தூர் முப்பத்தைந்து கிலோமீட்டர். அங்கிருந்து நகரிச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் ஊர். ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு ஒரு கார் பேசினேன். ஓட்டுநர் சத்தியவேட்டுத் தமிழர். படம் டிக்கியில் அடங்கவில்லை. பின் இருக்கையில் சுதாகர் அதை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.

ரேணிகுண்டா தாண்டியதும் ஓட்டுநர் கண்ணாடியில் படத்தைப் பார்த்துவிட்டார்.

"யாரு சார், நம்ம தேவராஜா? அய்யய்யோ! அவரு ஆட்டம்னா நான் வண்டிய ஓரங்கட்டிட்டுப் போய்டுவேன். கோட்டத் தாண்டி உள்ள போனார்னா, கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல நின்னுக்கினு ஆளுங்கள அளப்பாரு பாருங்க..." சொல்லச் சொல்ல அவர் குரல் மாறியது. "வேணும்னே புடிச்சான் சார் அவன். வீடியோல மூஞ்சி சரியா தெர்ல. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சித்தூருக்குப் போயிருப்போம். நாலு பேரு ரெடியா இருந்தோம்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சை மாற்ற வெயிலைப் பற்றி ஏதோ சொன்னேன். அவர் விடவில்லை. வடமாலப்பேட்டை வரை அதே பேச்சு. பின்னால் பிரேம் கண்ணாடி கதவில் இடித்து மெல்ல அதிர்ந்துகொண்டே வந்தது.

புத்தூர் நெருங்க, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் இடங்களின் பலகைகள் தொடங்கின. கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய ஒருவர் சாலையைக் கடந்தார். அப்போதுதான் சுதாகர் வாயைத் திறந்தான்.

"அண்ணா, வண்டிய நிறுத்துங்க. புடிச்சது நான்தான்."

வண்டி புளியமரத்தடியில் நின்றது. ஓட்டுநர் இறங்கினார். பின்கதவைத் திறந்து, படத்துக்கு மேல் தெரிந்த முகத்தை உற்றுப் பார்த்தார். நானும் இறங்கி இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். சுதாகர் படத்தைக் கீழே வைக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"எங்க போற இப்போ?" என்றார் ஓட்டுநர்.

"அவங்க ஊருக்கு."

"தெரிஞ்சேவா?"

சுதாகர் தலையசைத்தான். ஓட்டுநர் பாட்டில் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு வந்து வண்டியைக் கிளப்பினார். ஊர் எல்லையில் என்னிடம், "வண்டிய ரோட்டப் பாக்கத் திருப்பி நிறுத்தி வெக்கிறேன் சார். எதுனா ஆச்சுன்னா ஏறிடுங்க" என்றார்.

மைதானத்தில் ஐந்நூறு பேருக்குக் குறையாது. படத்தோடு சுதாகர் இறங்கியதும் இரைச்சல் அடங்கியது. நாலைந்து இளைஞர்கள் வந்து படத்தை அவன் கையிலிருந்து பிடுங்கினார்கள். ஒருவன் அவன் சட்டையைப் பிடித்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஆட்ட உடையில் ஏகாம்பரம் வந்தான்.

"விடுங்கடா" என்றான். பிறகு சுதாகரிடம், "சட்டையக் கழட்டிட்டு உள்ள வா. அதே மூலையில நில்லு. நான் வரேன்."

"ஏகாம்பரம், வேணாம்ப்பா" என்று தோளைத் தொட்டேன். தட்டிவிட்டான். ஊர்ப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், யாரும் தடுக்கவில்லை.

சுதாகர் இடது மூலையில் போய் நின்றான். மற்ற இடங்கள் காலி. ஏகாம்பரம் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கபடி கபடி என்று பாடிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டினான். நேராக அந்த மூலைக்குத்தான் போனான். காலை நீட்டினான். சுதாகர் அசையவில்லை. கைகள் தொங்கின. ஏகாம்பரம் மறுபடி நீட்டினான். அப்போதும் அவன் பிடிக்கவில்லை.

பாட்டு அறுந்தது. "புடிடா!" என்று கத்தினான் ஏகாம்பரம். "நீ ஒழுங்கா புடிக்கறவன்னா புடி! புடிக்கலன்னா, அன்னிக்கு நீ தப்பு பண்ணதாத்தான் அர்த்தம்!"

கோட்டுக்குத் திரும்பிப் போய் மீண்டும் பாடி வந்தான். இந்த முறை சுதாகர் பாய்ந்தான். சுத்தமான கணுக்கால் பிடி. இருவரும் புழுதியில் விழுந்தார்கள். கூட்டமே எழுந்து நின்றது. புழுதி அடங்கியபோது ஏகாம்பரம் தரையை உள்ளங்கையால் தட்டினான். மாட்டிக்கொண்டேன் என்று ஆட்டக்காரர்கள் ஒப்புக்கொள்வது அப்படித்தான். எழுந்து சுதாகருக்குக் கை கொடுத்துத் தூக்கினான். கட்டிக்கொள்ளவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. "தப்பு இல்ல" என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுத் தன் பக்கம் நடந்தான்.

பந்தலில் பெண்களோடு உட்கார்ந்திருந்த மல்லிகா எழுந்து வந்தாள். சுதாகர் மண் அப்பிய கையைக் கூப்பினான்.

"நீங்கதான் அவரு பக்கத்துல இருந்தீங்க" என்றாள். "விழுந்தப்போ இன்னா சொன்னாரு?"

சுதாகர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பாட்ட விடல அக்கா. கீழ விழுந்தப்புறமும் கபடி கபடின்னு சொல்லிக்கினே இருந்தாரு. கை கோட்டுப் பக்கம் நீண்டுச்சு. ஒரு முழம்தான் இருந்திச்சு. நான் கால விட்டுட்டேன் அக்கா. விட்டப்புறமும் பாடிக்கினு இருந்தாரு."

மல்லிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "சாப்ட்டுப் போங்க" என்றாள்.

சாப்பிட்டோம். சூரியன் சாயும்போது சுதாகர் கார்வேட்டிநகரம் வழியாகச் சித்தூர் போகிற பேருந்தில் ஏறினான். நான் அதே காரில் புத்தூர் வந்து அரக்கோணம் ரயில் பிடித்தேன். வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது. தேவராஜ் விழுந்த அந்த நொடியில் நான் மைக்கில், "அவுட்! அவுட்!" என்று கத்திக்கொண்டிருந்தேன். எட்டு ஒலிபெருக்கிகளிலும் என் குரல்தான் கேட்டது. அதற்கு அடியில் அவர் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்.

இப்போதும் ஊர் ஊராகப் போகிறேன், கத்துகிறேன். ஆனால் ஒருவன் விழுந்தால், அவன் எழும் வரை மைக்கை வாயருகில் கொண்டுபோவதில்லை.