இரேனாவோடு ஒரு குசினி

மியூனிக்கில் இருக்கும் மகள் போன ஞாயிறு என்னை ஓர் ஓவியக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போலந்து ஓவியமாம். ஒரு குசினி, யன்னலோரம் ஒருத்தி உருளைக்கிழங்கு சீவுகிறாள், பின்னால் இன்னொருத்தி அடுப்பில் எதையோ கிண்டுகிறாள். “எவ்வளவு அமைதி, பாருங்கோ அம்மா” என்றாள் மகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு குசினியில் இரண்டு பெண்கள், அதில் அமைதியாம்! வரைந்தவன் ஒருநாளும் சமைத்திருக்க மாட்டான்.

முட்டைக்கோவா அவிகிற நாற்றம் அந்தப் படத்திலிருந்தே அடித்தது எனக்கு. ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்து அகதி முகாமில் எங்களுக்கும் ஒரு போலந்துக் குடும்பத்துக்கும் ஒரே குசினி. அந்தக் குடும்பத்துக்காரி பெயர் இரேனா, எந்த நாளும் கோவாதான் அவிப்பாள். மின்னடுப்பில் நாலு சட்டி வைக்கலாம். இரண்டு இடம் அவளுக்கு, இரண்டு எனக்கு. நான் மிளகாய் வறுத்தால் மார்கழிக் குளிரிலும் எல்லா யன்னலையும் திறந்துவிட்டு, சாகப்போகிறவள் மாதிரி இருமுவாள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. இருமல் அடங்குகிற நேரம் பார்த்து இன்னொரு பிடி போடுவேன்.

அந்த நாளில்தான் யாழ்ப்பாணத்தில் அப்பா செத்துப்போனார். எங்கள் அகதி விண்ணப்பம் முடியவில்லை. போனால் திரும்பி வர ஏலாது. முப்பத்தோராம் நாளுக்காவது அவருக்கு ஒரு பிடி சோறு படைத்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். கத்தரிக்காய்க்குக் கடை கடையாக அலைந்தேன். சோறு, பருப்பு, குழம்பு எல்லாம் தட்டத்தில் போட்டு, குசினி மேசையில் அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, கற்பூரம் எடுக்க அறைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் அப்பாவின் சோற்றுக்கு மேல் ஒரு பன்றிச் சொசேஜ். பக்கத்தில் இரேனா கைகளைக் கோத்தபடி நிற்கிறாள். “ஃபாட்டர். எஸ்ஸன்” என்றாள் படத்தைக் காட்டி. அப்பா சாப்பிடட்டுமாம். முட்டைகூடத் தொடாத மனுசன்!

“நாசமாப் போவாய், என்ர அப்பான்ர சோத்தில கை வைச்சிட்டியே” என்று கத்தினேன். தட்டத்தைக் குப்பைவாளியில் கவிழ்த்தேன். அவளுடைய கரண்டி பட்டிருக்கும் என்று சட்டிகளில் மிச்சம் இருந்ததையும் கொட்டினேன். அவள் மூலையில் குந்தியிருந்து வெறும் பாண் ரொட்டியைத் தின்றாள். அந்தச் சொசேஜ்தான் அவளுடைய மத்தியானச் சாப்பாடு என்று அப்போதே விளங்கியது. நல்லாய் வேணும் என்று நினைத்தேன்.

அதன் பிறகு அவளோடு ஒரு சொல் பேசவில்லை. இரண்டு மாதத்தில் அவர்களுக்கு வீடு கிடைத்துப் போனார்கள். அன்றைக்கு நாலு சட்டியும் வைத்துச் சந்தோசமும் புளுகமுமாய்ச் சமைத்தேன்.

இப்போது அந்த முகாமை இடித்துவிட்டுக் கார் நிறுத்துகிறார்கள். இரேனா எங்கே, இருக்கிறாளா இல்லையா, தெரியாது. குடும்பப் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. அவளில் எனக்கு இன்னும் கோபம்தான். என் அப்பாவின் சோற்றை அவள் கெடுத்தாள் என்று இத்தனை வருசமாக எல்லாரிடமும் சொல்லித் திரிகிறேன். அவள் வைத்தது ஒரு துண்டு. எடுத்து எறிந்துவிட்டுச் சட்டியிலிருந்து புதிதாகப் போட்டிருக்கலாம். அன்றைக்கு அப்பாவைப் பட்டினி போட்டது நான்தான். அதை இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.