மையின் அகலம் நான்கு மீட்டர்

அலுவலகத்தில் அவளுக்கு மில்லிமீட்டர் என்று பெயர். பட்டப்பெயர்தான். ஆனால் சம்பளப் பட்டியலில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்கே யாரென்று தெரியாது. "மில்லிமீட்டர் அம்மாவா? மாடியில மூணாவது ரூம்" என்பார். நகரமைப்புப் பிரிவின் வரைவாளர் அவள். முப்பத்திமூன்று வருடமாக அதே ஜன்னல், அதே சாய்வு மேசை. டீ தம்ளரை மேசை விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்காவிட்டால் டீ கொண்டுவருபவருக்கு அன்றைக்கு நல்ல டோஸ் விழும்.

கோபக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் தரையில் யாரோ ஒருத்தர் வீட்டுச் சுவர் பிசகும் என்பது அவள் கட்சி. அதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள்.

அம்மா போனபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது, தம்பிக்கு நாலு. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாணம் பேச வந்தவர்கள் எல்லாம் பையனைப் பார்த்ததும் ஏதோ இழுத்தார்கள். அவளும் மல்லுக்கு நிற்கவில்லை, விட்டுவிட்டாள். தம்பியை அல்ல, கல்யாணத்தை. அந்தத் தம்பி இப்போது நகரப் பேருந்து ஓட்டுகிறான். அவன் மனைவி, ஐந்து வயது மகள், எல்லோரும் அவளுடைய இரண்டு அறை வாடகை வீட்டில்தான். அந்தக் குட்டி, அத்தை வயிற்றின் மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். இப்போது இரண்டாவது பிள்ளை வேறு தம்பி மனைவி வயிற்றில் ஆறு மாதம். வீட்டில் ஒருவர் திரும்பினால் மூன்று பேர் நகர வேண்டும்.

இனி சதுப்புக்கு வருவோம். ஊருக்குக் கிழக்கே பெரிய சதுப்பு நிலம் ஒன்று உண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அதற்கொரு விதி வந்தது. சதுப்பின் ஓரத்திலிருந்து முப்பது மீட்டர் காப்புப் பகுதி, அதற்குள் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. விதி எழுதியவர்கள் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். ஓரம் எது என்று யார் சொல்வது? அளவு எடுக்கப் போன நிலஅளவையாளருடன் அவளையும் அனுப்பினார்கள்.

"தண்ணியைப் பாக்காதீங்கம்மா" என்றார் நிலஅளவையாளர். "தண்ணி இன்னைக்கு இருக்கும், நாளைக்கு வத்திடும். கோரை எங்க முடியுதோ அதுதான் ஓரம்."

மூன்று நாள் கோரையின் ஓரமாகவே நடந்தார்கள். முதல் நாளே அவளுடைய ஒரு செருப்பைச் சேறு விழுங்கிவிட்டது. மூன்றாம் நாள், கோரையெல்லாம் தாண்டிக் காய்ந்த புல்லில் காலை வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். காலடியில் நாலு முட்டை. மண் நிறம், மண்ணிலேயே சின்னக் குழி. தண்ணீர்ப் பறவை தண்ணீரில்தான் முட்டை இடும் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தாள், பைத்தியக்காரி. அது குடும்பம் நடத்துவதே அந்த முப்பது மீட்டரில்தான். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றது இன்னும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

திரும்பி வந்து வரைபடம் போட்டாள். சதுப்பு நீலம், காப்புப் பகுதி வெளிர்பச்சை, அதன் எல்லை ஒரு கறுப்புக் கோடு. அன்று முதல் அந்தக் கோடுதான் சட்டம். கட்டட அனுமதிக்கு வரும் வரைபடத்தை அதன் மேல் வைத்துப் பார்ப்பாள். கோட்டைத் தொட்டால் முடிந்தது கதை. "கோட்டைத் தொடுதுங்க, அனுமதி கிடையாது" என்பாள். அழுதவர்கள் உண்டு. கத்தியவர்கள் உண்டு. ஒருவர் மேசை மேல் சாவிக்கொத்தை வீசிவிட்டே போனார். அவள் அசையவில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தம்பி மெதுவாக ஆரம்பித்தான்.

"அக்கா, ஒரு மனை வாங்கிட்டேன்."

"எங்கடா?"

"சதுப்புப் பக்கம்."

"உனக்கு அறிவிருக்கா?"

"கோட்டை ஒட்டிதான்க்கா வருது, உள்ள வரல. நான் உன் தம்பி. எனக்குத் தெரியாதா?"

அவள் குட்டியின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். போய்விடுவார்கள் என்பது மட்டும் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. குட்டியும் போய்விடுவாள். இரண்டு அறை வீடு மைதானம் மாதிரி ஆகிவிடும்.

தம்பியின் கோப்பு வந்தது. சொந்தக்காரன் கோப்பு என்பதால் மனையின் இட வரைபடத்தை மட்டும் கையில் எடுத்தாள். அறைகளின் வரைபடம் இருந்த தாளைப் பிரிக்கக்கூட இல்லை. கோட்டின் மேல் வைத்தாள். வீட்டின் பின்பக்கம் கோட்டைத் தொட்டது.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவே இருந்தது. அடுத்த நிமிடம் தன்னை நினைத்து அவளுக்கே கூசிப்போயிற்று. வளர்த்த பிள்ளைக்கு வீடு கிடைக்கவில்லை என்று சந்தோஷப்படுகிற நீயும் ஒரு அக்காவா? அந்தக் கூச்சத்தில்தான் பூதக்கண்ணாடியை எடுத்து இன்னொரு தரம் பார்த்தாள். அப்போதுதான் கோட்டையே பார்த்தாள்.

கோடு தடிமனாக இருந்தது. அது பன்னிரண்டு வருடமாகத் தடிமனாகத்தான் இருந்தது. அன்றைக்கு மெல்லிய பேனா அடைத்துக்கொண்டது, மேலதிகாரி தலைக்கு மேலே நின்று அவசரப்படுத்தினார், கைக்குக் கிடைத்த பேனாவால் இழுத்துவிட்டாள். முக்கால் மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கூட, சரியாகப் பத்தில் எட்டுப் பங்கு. வரைபடத்தின் அளவு ஐயாயிரத்துக்கு ஒன்று. பெருக்கிப் பாருங்கள், தரையில் நாலு மீட்டர்! முப்பது மீட்டர் முடிவது கோட்டின் சதுப்புப் பக்க விளிம்பில். மையின் அகலம் முழுக்க வீடு கட்டத் தகுந்த நிலம். மையைத் தொட்டதற்காக மட்டும் அவள் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்கள் ஒன்பது. எண்ண வேண்டிய அவசியமே இல்லை, ஒவ்வொரு முகமும் ஞாபகம் இருந்தது.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. ஓய்வு பெற நாலே மாதம். சொன்னால் முப்பத்திமூன்று வருடப் பேர் ஒரே நாளில் போகும், வீடும் காலியாகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. குட்டிக்குத் தலை வாரும்போது சீப்பு நடுவிலேயே நின்றுவிட்டது. "என்ன அத்தை, வாருங்க" என்று அது திரும்பிப் பார்த்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் பொய்யாக இருப்பது?

மூன்றாம் நாள் அதிகாரியின் அறைக்குப் போனாள். அதிகாரி இவளைவிட இருபது வயது சின்னவர். கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஏம்மா, இந்த நேரத்துல இது தேவையா? உங்க தம்பி கோப்பு வேற உள்ள இருக்கு. என்ன பேசுவாங்கன்னு தெரியும்ல?"

"பேசட்டும் மேடம். முதல்ல அந்த ஒன்பது பேர் மனையை அளக்கணும். தம்பியோடது கடைசி. நாடாவை நான் தொட மாட்டேன், நீங்களே நின்னு அளங்க."

பேசாமலா இருப்பார்கள்? "தம்பின்னு வந்ததும் கோடு இளைச்சுப்போச்சு பாத்தியா" என்று அவள் காது படவே சிரித்தார்கள். அவள் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். சீவிச் சீவிப் பாதிப் பென்சில் குப்பைக்குப் போயிற்று.

ஒன்பதில் ஏழு மனைகள் முப்பது மீட்டருக்கு வெளியே இருந்தன. ஏழு பேரையும் அவளே நேரில் போய்ப் பார்த்தாள். கடிதம் அனுப்பினால் போதும் என்றார் அதிகாரி, கேட்கவில்லை. ஆறு பேர் திட்டிவிட்டுச் சந்தோஷப்பட்டார்கள். ஏழாவது ஆள் ஒரு தையல்காரர். விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவர் மிஷினை நிறுத்தவில்லை.

"எங்கம்மா அந்த வீட்டைப் பாக்கணும்னு சொல்லிட்டே இருந்தாங்க" என்றார், தலையை நிமிர்த்தாமல். "போன வருஷம் போயிட்டாங்க."

மன்னிப்பு என்ற வார்த்தையை மூன்று தெருவுக்கு முன்னாலிருந்தே வாயில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். வெளியே வரவில்லை. நின்றாள், கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. தையல்காரர் துணியைத் திருப்பிப் போட்டு இன்னொரு ஓரம் தைத்தார். அப்புறம் காலால் முக்காலி ஒன்றைத் தள்ளிவிட்டு, "உக்காருங்க. எவ்வளவு நேரம் நிப்பீங்க" என்றார். அவ்வளவுதான். அவள் உட்கார்ந்தாள்.

கடைசியாகத் தம்பியின் மனை. அதிகாரியே நின்று அளந்தார். வீடு வெளியே இருந்தது. ஆனால் பின்பக்கத்து ஒரே ஒரு அறை மட்டும் முப்பது மீட்டருக்குள் ஒன்றேகால் மீட்டர் போயிருந்தது. அதை எடுத்துவிட்டால் அனுமதி கொடுக்கலாம். "திருத்தம் கேட்டு நோட்டீஸ் மட்டும் எழுதிக் குடுங்கம்மா, நான் கையெழுத்துப் போடறேன்" என்று கோப்பை அவளிடம் கொடுத்தார்.

அன்றுதான் அறைகளின் வரைபடத்தைப் பிரித்தாள். ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை. சதுப்பைப் பார்த்து ஜன்னல் வைத்த அந்தப் பின்னறையில் மட்டும் படுக்கையறை என்று எழுதவில்லை. "அக்கா" என்று எழுதியிருந்தது.

கூட்டிப்போகத்தான் கட்டுகிறான், மடையன். ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன? அவள் வெகுநேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, இத்தனை வருடம் ஊரார் அறைகளை அடித்த மாதிரியே, மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு போட்டாள். கோடு நேராகத்தான் விழுந்தது. 'மேற்படி அறையை நீக்கித் திருத்திய வரைபடம் சமர்ப்பிக்கவும்' என்று எழுதினாள்.

வீட்டில் தம்பி குதித்தான்.

"ஒன்றேகால் மீட்டர்க்கா! ஒன்றேகால்! அதுக்குப் போயி அடிச்சிட்டியா?"

"ஏன்டா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சொன்னா, எனக்கு எதுக்குடா ரூம்னு ஆரம்பிப்ப."

"எனக்கு எதுக்குடா ரூம்?"

"பாத்தியா!" என்று மனைவியைப் பார்த்துக் கையை விரித்தான்.

மனைவி ஒன்றொன்றாகக் கேட்டாள். அந்த அறையைச் சின்னதாக்கினால்? கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது. வீட்டை முன்னால் தள்ளினால்? சாலைக்கு விட வேண்டிய இடம் இடிக்கும். மாடி? காப்புப் பகுதியை ஒட்டி மாடிக்கு அனுமதி இல்லை. எல்லாவற்றுக்கும் பதில், அவள் அண்ணி என்று கூப்பிடும் மில்லிமீட்டரிடமே இருந்தது, பாவம்.

"பிளான்ல எடுத்துட்டு, அப்புறமா கட்டிக்கறேன்க்கா" என்றான் தம்பி, குரல் இறங்கி. "நீ கண்ணை மூடிக்கிட்டா யாரு வந்து கேக்கப்போறா?"

"யாரும் வர மாட்டாங்கடா. அதான் விஷயம். நீ கவுண்டர்ல வந்து என்கிட்ட சண்டை போடுவ. அங்க குழியில முட்டை வச்சிருக்கறது வந்து கேக்குமா? அதுக்குப் பேச யாரு இருக்கா, என்னை விட்டா?"

தம்பி சாப்பிடாமல் வேலைக்குப் போனான். அப்புறம் பத்து நாள் அவளுடன் சரியாகப் பேசவில்லை. அவளும் வலியப் போகவில்லை. மனதுக்குள் கணக்கைத் தீர்த்துவிட்டாள். அவர்கள் போகட்டும், நன்றாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போகிறது. 

பதினோராம் நாள், அவள் மனு வாங்கும் கவுண்டர் வரிசையில் ஏழாவது ஆளாகத் தம்பி நின்றான். முறை வந்ததும் யாரோ போலத் தாளை நீட்டினான். பின்னறை இல்லை. ஹாலும் இல்லை. வாசலைத் திறந்ததும் நேராக ஒரு அறை, மூன்றரைக்கு நாலு மீட்டர். அதில் "அக்கா" என்று எழுதியிருந்தது.

"ஹால் எங்கடா?"

"ஹால் எதுக்கு? வர்றவங்க வெளிய உக்காரட்டும், நல்லா காத்து வரும்."

"வாசல்ல நுழைஞ்சதும் என் கட்டிலைத்தானே பாப்பாங்க?"

"பாக்கட்டுமே. இது நான் போட்ட பிளான் இல்லக்கா, உன் தம்பி பொண்டாட்டி போட்டது. அண்ணி இல்லாம வீடா, அதுக்கு இங்கேயே நெருக்கிக்கிட்டு இருக்கலாம்னுட்டா. எதுன்னாலும் அவகிட்ட பேசிக்க. எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு."

பின்னால் நின்ற பெரியவர், "என்னம்மா, சீக்கிரம் ஆகட்டும்" என்றார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். அடுத்த மூன்று பேருக்கு என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

சாயங்காலம் கோப்பு அதிகாரியின் மேசைக்குப் போனது. ஓரத்திலிருந்து தூரம் முப்பதரை மீட்டர். சாலைக்கு விட்ட இடம் சரி. உயரம் சரி. அதிகாரியின் பேனா முன்னறைக்கு வந்ததும் நின்றது.

"இது என்ன ரூம்மா? படுக்கையறைன்னுதானே போடணும்?"

"ஆமா மேடம்."

"இதுல அக்கான்னு போட்டிருக்கே?"

"அது நான்தான் மேடம்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் உதடு கோணிக்கொண்டது. "விதிப்படி தப்புதான். மாத்திக் கொண்டுவரச் சொல்லவா?"

அதிகாரி அவளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

"வேணாம், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்.